அந்த ரிசீவரை எடைக்குப் போடாதே

அன்புள்ள மூர்த்தி,

இங்கே எல்லாரும் நலம், அங்கேயும் அப்படித்தான் என்று வைத்துக்கொண்டு நேரே விஷயத்துக்கு வருகிறேன். டிவியின் 5.1 சத்தம் (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர் என்று ஆறு சேனல்) வரவில்லை என்று, ஸ்பீக்கர்களை ஓட்டும் அந்தப் பழைய ரிசீவரை எடைக்குப் போடப் போகிறேன் என்று எழுதியிருக்கிறாயே, கையை எடு. நீ அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பின்பக்கம் ஓரமாக '5.1 சேனல் இன்புட்' என்று போட்டு ஆறு ஆர்சிஏ துளை (சாதாரண அனலாக் ஆடியோ ஒயர் மாட்டுவது) இருக்கிறது. எச்டிஎம்ஐ இல்லை, டிஜிட்டல் சத்தத்தை வெளிச்சமாகக் கொண்டுபோகும் ஆப்டிகல்கூட இல்லை, வாஸ்தவம்தான். அந்த ஆறு துளை போதும்.

முகப்பில் இருக்கும் 'டால்பி டிஜிட்டல் ரெடி' ஸ்டிக்கர்தான் உன்னைக் குழப்பியிருக்கிறது. 90களின் பிற்பாதியில் அப்படிப் போட்டு விற்ற பெட்டிகளில் ஆம்ப்ளிஃபையர் மட்டும்தான் தயார், டிஜிட்டல் சத்தத்தைச் சேனல் சேனலாகப் பிரிக்கும் டிகோடரை நாம்தான் வெளியிலிருந்து கொண்டுவர வேண்டும். உன்னுடையதில் உள்ளே இருப்பது 1987இல் வந்த புரோ லாஜிக், ஸ்டீரியோவிலிருந்தே சரவுண்டைப் பிரித்தெடுக்கும் பழைய டால்பி முறை. அதில் பின்னால் இரண்டு ஸ்பீக்கர் வைத்தாலும் இரண்டிலும் ஒரே மோனோ சத்தம், அதுவும் 7 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே வெட்டியது. டிவியின் ஹெட்போன் துளையிலிருந்து ஒயர் இழுத்துக் கொடுத்துவிட்டு 'பின்னாடி ஒண்ணுமே கேக்கலை' என்று புலம்பினால் எப்படிடா? 

உனக்குத் தேவை ஆப்டிகல் இன்புட்டும் ஆறு அனலாக் அவுட்புட்டும் உள்ள 5.1 டிகோடர் ஒன்று, டிவியிலிருந்து அதற்கு ஒரு ஆப்டிகல் கேபிள், அதிலிருந்து ரிசீவருக்கு மூன்று ஜோடி ஆர்சிஏ ஒயர். முன் இடம் வலம் ஒரு ஜோடி, பின் இடம் வலம் ஒரு ஜோடி, சென்டரும் சப்வூஃபரும் மூன்றாவது ஜோடி. இந்தக் கடைசி ஜோடிதான் மாறிப்போகும். மாறினால் வசனம் சப்வூஃபரில் முணுமுணுக்கும், சென்டர் ஸ்பீக்கர் கம்மென்று இருந்துவிட்டு வெடிச் சத்தத்துக்கு மட்டும் படபடக்கும். ஆறையும் மாட்டியதும் சேனல் சேனலாக டெஸ்ட் டோன் ஓட்டிப் பார்த்துவிடு. இன்னொன்று, ரிசீவரின் சப்வூஃபர் துளையில் வருவது பெருக்காத லைன் சிக்னல். தனக்கென்று ஆம்ப் உள்ள சப்தான் அதில் பாடும்.

இதெல்லாம் பத்து நிமிட வேலை. தலைவலி டிவியில் இருக்கிறது, அதைத்தான் விரிவாக எழுத வேண்டும்.

பெரும்பாலான டிவிகளில் டிஜிட்டல் ஆடியோ அவுட்புட் பிசிஎம் (சுருக்காத டிஜிட்டல் சத்தம்) என்றே வைத்திருப்பார்கள். ஆப்டிகலில் பிசிஎம் என்றால் இரண்டே சேனல். எவ்வளவு நல்ல டிகோடர் வாங்கினாலும் அதற்கு வந்து சேர்வது வெறும் ஸ்டீரியோ. 'டால்பி டிஜிட்டல்' அல்லது 'பிட்ஸ்ட்ரீம்' (சுருக்கிய சத்தத்தைப் பிரிக்காமல் அப்படியே அனுப்புவது) என்று மாற்று. 'ஆட்டோ'வை நம்பாதே. ஸ்ட்ரீமிங் ஆப்களில் பெரும்பாலும் வருவது டால்பி டிஜிட்டல் பிளஸ், அது ஆப்டிகலில் போகாது. நல்ல டிவி அதைப் பழைய டால்பி டிஜிட்டலாக மாற்றிக் கொடுக்கும், சில டிவி சத்தமில்லாமல் ஸ்டீரியோவாக்கிவிடும். டிகோடரில் டால்பி விளக்கு எரிகிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும். எரிந்தும் பின்னால் சத்தமில்லை என்றால் அந்தப் படத்தின் ஆடியோவே ஸ்டீரியோவா என்று பார்.

அடுத்த வில்லங்கம், டிவிக்கு எச்டிஎம்ஐயில் மாட்டியிருக்கும் ப்ளூரே பிளேயர். டிவியின் சொந்த ஆப்புக்கு 5.1 கொடுக்கும் சில டிவிகள், எச்டிஎம்ஐ வழியாக வருவதை மட்டும் இரண்டு சேனலாகச் சுருக்கி ஆப்டிகலில் தள்ளும். பிளேயரிலேயே ஆப்டிகல் இருந்தால் நேராக டிகோடருக்குக் கொடு. இல்லையென்றால் நடுவில், சத்தத்தை மட்டும் தனியே பிரித்துக் கொடுக்கும் எச்டிஎம்ஐ ஆடியோ எக்ஸ்ட்ராக்டர் ஒன்று வை. அதில் ஈடிஐடி என்று ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும், அதை 5.1இல் வைக்க வேண்டும். 2 சேனலில் இருந்தால் 'எனக்கு ஸ்டீரியோ போதும்' என்று அதுவே பிளேயரிடம் சொல்லிவிடும். 4கே எச்டிஆர் பார்க்கிறாய் என்றால் 18 ஜிபிபிஎஸ் வேகம், எச்டிசிபி 2.2 என்ற நகல் தடுப்பு முறை இரண்டும் இருக்கிறதா என்று பார்த்து வாங்கு, இல்லாவிட்டால் படம் கறுத்துப்போகும். அட்மாஸ், ட்ரூஎச்டி என்ற புது டால்பி வகைகளின் ஆசையெல்லாம் ஆப்டிகலில் நிறைவேறாது. அதற்காக வருத்தப்படாதே, ஒழுங்கான 5.1 போதும் உனக்கு.

பேஸ் விஷயத்தில் ஏமாந்துவிடாதே. இந்த ஆறு துளை வழியாக வரும் சிக்னலை அந்தக் காலத்து ரிசீவர் வால்யூம் வைத்துப் பெருக்கி அனுப்பும், அவ்வளவுதான். பேஸைப் பிரித்துவிடும் கிராஸ்ஓவரும் இல்லை, கிட்டத்து ஸ்பீக்கரின் சத்தத்தைத் தாமதப்படுத்தும் டிலேயும் இல்லை. உன் சின்ன ஸ்பீக்கர்களின் பேஸ் சப்வூஃபருக்குத் திரும்ப வேண்டுமானால் அதை டிகோடரே செய்யவேண்டும். ஸ்பீக்கர் சைஸ் 'ஸ்மால்', கிராஸ்ஓவர் 80 ஹெர்ட்ஸ் என்று வைக்க வழி இருக்கும் டிகோடரையே வாங்கு. மலிவானவற்றில் பெரும்பாலும் இருக்காது. அப்புறமும் சப் சோர்ந்து கேட்டால் எல்எஃப்இ, அதாவது சப்வூஃபருக்கான தனி சேனல், 10 டெசிபல் குறைவாக வரக்கூடும், சப்பின் கெயினை ஏற்று. டிலேக்குக் கணக்கு சுலபம், அடிக்குச் சுமார் 0.9 மில்லிசெகண்ட். முன் ஸ்பீக்கர் பத்தடி, பின் ஸ்பீக்கர் நாலடி தள்ளி என்றால் பின்னதற்கு 5 மில்லிசெகண்ட் கொடு.

உறுமல் கேட்டால் முதலில் கேபிள் டிவியின் ஆன்டெனா ஒயரைக் கழற்றிப் பார். நின்றுவிட்டால் கிரவுண்ட் லூப், அதாவது எர்த் இணைப்பு இரண்டு வழியாகச் சுற்றுகிறது, அந்த ஒயரில் சுற்றைத் துண்டிக்கும் ஒரு ஐசொலேட்டர் போட்டால் போதும். எர்த் பின்னை மட்டும் பிடுங்காதே, சொல்லிவிட்டேன். மூடிக் கிடந்த ரிசீவருக்கு நேரடியாக மின்சாரம் கொடுக்காமல் 100 வாட் இழை பல்பு ஒன்றைத் தொடராகப் போட்டு ஆன் செய். பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்லது. மங்காமல் எரிந்துகொண்டே இருந்தால் உடனே நிறுத்திவிட்டு மெக்கானிக்கிடம் கொடு. வால்யூம் திருகும்போது கரகரத்தால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு கான்டாக்ட் கிளீனர் அடித்து, இருபது முப்பது தடவை திருகு.

கடைசியில் நீ கேட்டிருந்த யோசனை, புது சவுண்ட் சிஸ்டத்தின் ஸ்பீக்கர் அவுட்டை இதன் ஆர்சிஏவில் கொடுக்கலாமா என்று. கூடவே கூடாது. லைன் இன்புட் எதிர்பார்ப்பது இரண்டு வோல்ட், ஸ்பீக்கர் அவுட்டில் இருபதுக்கு மேலும் வரும். புது ஆம்ப்களில் பலவற்றின் நெகட்டிவ் முனை கிரவுண்டில் சேர்ந்திருக்காது, ஆர்சிஏவின் வெளி வளையத்தில் பட்டதும் ஷார்ட். மறுபடியும் ஒரு 'தீபாவளி' வேண்டாம்டா.

முதலில் டிவியின் சவுண்ட் மெனுவைப் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து அனுப்பு. அதைப் பார்த்துச் சொல்கிற வரைக்கும் டிகோடர் வாங்காதே.

அன்புடன்,
ரகு