செவ்வாய்க்குக் கூரை இல்லை

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து மாடிப்படி ஏற ஆரம்பித்துவிட்டாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே அனைவரும் நலம். சின்னவளுக்கு ஓசூரில் வேலை கிடைத்திருக்கிறது, வீடு தேடி அலைகிறோம்.

சூரியப் புயலால் லடாக் வானம் சிவந்த படத்தைப் பார்த்துவிட்டு, மற்ற கோள்களிலும் இப்படி நடக்குமா என்று கேட்டிருந்தாய். அந்தக் கதையின் மறுபாதி செவ்வாயில்தான் நடந்தது. 2024 மே 10 இரவு லடாக்கின் ஹான்லே வானத்தைச் சிவக்க வைத்த அதே சூரியக் கரும்புள்ளிக் கூட்டம், சூரியன் சுழலச் சுழல நம் பார்வையிலிருந்து மறைந்து செவ்வாயின் பக்கம் திரும்பியது. மே 20 அன்று அங்கே மறுபடி வெடித்தது. செவ்வாயின் தரையில் நின்ற கியூரியாசிட்டி ஊர்தி 8,100 மைக்ரோகிரே கதிர்வீச்சைப் பதிவு செய்தது. நெஞ்சை 30 முறை எக்ஸ்ரே எடுத்ததற்குச் சமம்! அதன் கேமராப் படங்களில் சூரியனிலிருந்து பாய்ந்த துகள்கள் மோதிய இடமெல்லாம் வெள்ளைக் கோடுகள்.

நம் பூமியின் காந்தப்புலம் இந்தத் துகள்களைப் பெரும்பாலும் துருவங்களை நோக்கித் திருப்பிவிடுகிறது. செவ்வாய் தன் காந்தப்புலத்தைச் சுமார் 400 கோடி ஆண்டுகளுக்கு முன்பே இழந்துவிட்டது. பெரும்பாலும் தென்பாதிப் பாறைகளில் அதன் மிச்சம் திட்டுத்திட்டாக இருக்கிறது. அதனால் வேகமான எலக்ட்ரான்கள் தரைக்கு மேல் 60, 70 கிலோமீட்டர் உயரம் வரை தடையின்றி இறங்கி, அங்குள்ள காற்றை ஒளிர வைக்கின்றன. 2017 செப்டம்பரில் அப்படி ஒரு புயல் வந்தபோது கோள் முழுவதுமே ஒளிர்ந்ததைச் செவ்வாயைச் சுற்றிய மேவன் விண்கலம் புற ஊதாவில் கண்டது. அதுவரை அது பார்த்ததைவிட 25 மடங்குக்கும் மேல் பிரகாசம். எனக்கு அதைவிட வியப்பு வேறொன்று. செவ்வாயைச் சுற்றிய இரண்டு ரேடார்கள் அதே புயலில் சுமார் 10 நாட்கள் குருடாகிப்போயின. மேலே இறங்கிய எலக்ட்ரான்கள் காற்றை அயனியாக்கியதால், ரேடார் அலைகளை அதுவே விழுங்கிவிட்டது.

கண்ணுக்குத் தெரியும் ஒளியை 2024 மார்ச்சில்தான் பிடித்தார்கள். புயல் வரப்போவதை முன்கூட்டியே கணித்து, பெர்சவரன்ஸ் ஊர்தியின் கேமராவை இரவு வானத்தை நோக்கித் திருப்பிவைத்தார்கள். மங்கலான பச்சை. இங்கே துருவங்களில் பச்சை தருகிற அதே ஆக்சிஜன்தான் அங்கேயும்.

காந்தம் போனதால்தான் காற்றும் போனது என்று பலர் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. சூரியனிலிருந்து ஓயாமல் வீசும் துகள் ஓட்டமான சூரியக் காற்று, செவ்வாயிலிருந்து விநாடிக்குச் சுமார் 100 கிராம் வாயுவை அள்ளிச் செல்கிறது என்பதும், புயல் நாட்களில் அது கூடுகிறது என்பதும் உண்மை. அங்கிருந்த ஆர்கான் வாயுவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு விண்வெளிக்குப் போய்விட்டது என்றும் மேவன் அளந்திருக்கிறது. ஆனால் வெள்ளியைப் பார். அதற்கும் சொந்தக் காந்தப்புலம் இல்லை, சூரியனுக்கும் அது இன்னும் அருகில். இருந்தும் நம்மைவிட 90 மடங்கு அழுத்தமுள்ள காற்று அங்கே இருக்கிறது. செவ்வாயின் ஈர்ப்பு நம்முடையதில் ஐந்தில் இரண்டு பங்குகூட இல்லை என்பதையும் கணக்கில் சேர்த்தால்தான் விஷயம் பிடிபடும்.

உன் பேரன் செவ்வாய்க்குப் போகப்போகிறானாமே? போகட்டும். புயல் நாட்களில் ஒதுங்க அங்கே எரிமலைக் குழம்பு ஓடிய குகைகளைப் பார்த்து வைத்துக்கொள்ளச் சொல். தை பிறந்ததும் ஊருக்கு வருகிறேன். அவனையும் அழைத்து வை, நேரில் வாதாடலாம்.

என்றும் அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்