நடைமேடையில் நின்ற கூட்டம்

அன்புள்ள கதிருக்கு,

அம்மா எழுதுகிறேன். நேற்று போனில் நீ சொன்னது மனதை விட்டுப் போகவில்லை. ஸ்டேஷனில் ஒரு பெரியவர் மயங்கி விழுந்தார், முப்பது நாற்பது பேர் சுற்றி நின்றோம், கடைசியில் பூ விற்கிற அம்மாதான் கூடையை இறக்கி வைத்துவிட்டு ஓடி வந்தார் என்றாய். "நமக்கெல்லாம் மனசே செத்துப்போச்சும்மா" என்றும் சொன்னாய். அப்படி இல்லை, தம்பி. போனில் விளக்க முடியாது என்றுதான் எழுதுகிறேன்.

நர்ஸிங் படித்த காலத்தில் உளவியல் வகுப்பில் ஒரு கொலையைப் பற்றிச் சொல்வார்கள். 1964 மார்ச் 13 விடியற்காலை, நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் கிட்டி ஜெனோவீஸ் என்ற 28 வயதுப் பெண்ணை அவள் குடியிருந்த கட்டடத்துக்கு அருகிலேயே ஒருவன் கத்தியால் குத்திக் கொன்றான். 38 பேர் பார்த்தும் யாரும் போலீஸைக் கூப்பிடவில்லை என்று நியூயார்க் டைம்ஸ் எழுதியது. அது மிகைப்படுத்திய கணக்கு என்று பின்னாளில் தெரிந்தது. பக்கத்து வீட்டுப் பெண் ஒருவர் இறங்கி ஓடிவந்து, ஆம்புலன்ஸ் வரும்வரை அவளைத் தாங்கிப் பிடித்திருந்திருக்கிறார். அந்தப் பெண்ணை இத்தனை காலம் யாருக்கும் தெரியாமல் போனது எனக்குப் பெரிய வருத்தம்.

ஆனாலும் அந்தச் செய்தியால் ஒரு நல்ல காரியம் நடந்தது. ஜான் டார்லி, பிப் லத்தானே என்ற இரண்டு உளவியலாளர்கள், ஊரைத் திட்டுவதை விட்டுவிட்டுச் சோதித்துப் பார்த்தார்கள். மாணவர்களைத் தனித்தனி அறையில் உட்கார வைத்து மைக்கில் பேச வைத்தார்கள். திடீரென்று ஒரு குரல் திக்கித் திணறுகிறது, வலிப்பு வந்தவனைப் போல. அது டேப்பில் பதிந்த குரல், கேட்கிறவனுக்குத் தெரியாது. தான் ஒருவன்தான் கேட்கிறோம் என்று நினைத்தவர்களில் 85 சதவீதம் பேர், குரல் அடங்குவதற்குள் எழுந்து போய்ச் சொல்லிவிட்டார்கள். இன்னும் நான்கு பேர் கேட்கிறார்கள் என்று நினைத்தவர்களில் 31 சதவீதம்தான். 1968-இல் இதை வெளியிட்டார்கள்.

நீ கவனிக்க வேண்டியது இதற்கு அடுத்தது. எழுந்து போகாதவர்கள் கல் மாதிரி உட்கார்ந்திருக்கவில்லை. ஆய்வாளர் உள்ளே வந்தபோது அவர்களுக்குக் கை நடுங்கியது, உள்ளங்கை வேர்த்திருந்தது. "அவனுக்கு ஒன்றும் ஆகவில்லையே?" என்று கேட்டார்கள். நேற்று உன் குரலிலும் அந்த நடுக்கம்தான் இருந்தது.

இன்னொரு சோதனையில், படிவம் நிரப்பிக்கொண்டிருக்கும்போது சுவர்த் துவாரத்தின் வழியே அறைக்குள் புகை விட்டார்கள். தனியாக இருந்தவர்களில் 75 சதவீதம் பேர் போய்ச் சொன்னார்கள். ஒன்றுமே நடக்காதது போல நடிக்கும் இரண்டு பேரோடு உட்கார வைத்தபோது பத்தில் ஒருவர்தான் சொன்னார். மற்றவர்கள் இருமினார்கள், கண்ணைக் கசக்கினார்கள், கையால் புகையை விலக்கிவிட்டு எழுதிக்கொண்டே இருந்தார்கள். பிறகு கேட்டால், ஏசியிலிருந்து வரும் ஆவி என்று நினைத்தோம் என்றார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, யாரும் பதறவில்லையே, அப்படியானால் பெரிதாக ஒன்றுமில்லை போலிருக்கிறது என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள். உன் நடைமேடையிலும் அதேதான்.

இதற்கு மருந்தும் இருக்கிறது. வார்டில் ஒரு நோயாளிக்கு மூச்சு நின்றால் "யாராவது டாக்டரைக் கூப்பிடுங்க" என்று நாங்கள் கத்த மாட்டோம். யாராவது என்றால் யாருமே போக மாட்டார்கள். "நீ டியூட்டி டாக்டரைக் கூப்பிடு, நீ எமர்ஜென்சி டிராலியைத் தள்ளிக்கொண்டு வா" என்று முகத்தைப் பார்த்துச் சொல்வோம். தெருவிலும் அப்படியே செய். "சிவப்புச் சட்டை அண்ணே, 108-க்குப் போன் போடுங்க" என்று விரலை நீட்டிச் சொல். அவர் போடுவார். பூக்கார அம்மா மண்டியிட்டதும் ஒருவர் விசிறினார், ஒருவர் பையைத் தலைக்கு வைத்தார் என்று நீயே சொன்னாயே. முதல் ஆள் அசைந்தால் போதும். ஆம்ஸ்டர்டாம், லங்காஸ்டர், கேப் டவுன் நகரங்களில் கேமராவில் பதிவான 219 தெருச் சண்டைகளை ஆராய்ந்து 2019-இல் வெளியிட்டார்கள். பத்தில் ஒன்பது சண்டைகளில் யாரோ ஒருவராவது குறுக்கே புகுந்திருக்கிறார். ஆள் கூடக் கூட அந்த வாய்ப்பும் கூடியிருக்கிறது. மனிதர்கள் மேல் நம்பிக்கையை விட்டுவிடாதே.

போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்ற பயமும் வேண்டாம். சாலை விபத்தில் அடிபட்டவருக்கு நல்லெண்ணத்தோடு உதவுகிறவரைப் பாதுகாக்க, 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ பிரிவைச் சேர்த்திருக்கிறார்கள். பெயர் சொல்லும்படிகூட உன்னைக் கட்டாயப்படுத்த முடியாது.

மயங்கிக் கிடப்பவர் வாயில் தண்ணீர் ஊற்ற யாரையும் விடாதே, புரையேறிவிடும். மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வை. மூச்சு இல்லையென்றால் நடு நெஞ்சில், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்த வேண்டும். பொங்கலுக்கு வரும்போது தலையணையை வைத்துச் சொல்லித் தருகிறேன். உன் அப்பாவும் கூட உட்காரட்டும்.

அன்புடன்,
அம்மா