பேத்தி இருக்கும் தூரம்

அன்புள்ள முத்து,

தாத்தா ஆகிவிட்டேன். மகளுக்குப் பெண் குழந்தை. தாயும் சேயும் நலம். உன் மூட்டுவலி எப்படி இருக்கிறது? சின்னவனுக்கு வேலை கிடைத்ததா?

அடுத்த மாதம் நானும் கமலாவும் நியூயார்க் போகிறோம். திருச்சியிலிருந்து சென்னைக்குக் கிளம்பவே ஒரு வாரம் யோசிக்கிறவன் நீ, உட்கார்ந்துகொண்டு படி. இங்கே சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலிருந்து நியூயார்க்கின் கென்னடி விமான நிலையம் சுமார் 15,300 கிலோமீட்டர். எங்கும் இறங்காமல் பதினெட்டரை மணி நேரத்துக்கு மேல். பூமியின் சுற்றளவே 40,000தான், அதில் பாதி 20,000. என் மகள் இன்னும் தள்ளிப் போக உலகத்தில் அதிக இடம் மிச்சமில்லை.

பூகோள வாத்தியாரின் உருண்டையில் இந்த இரண்டு ஊருக்கும் நூல் பிடித்துப் பார். நேரே வடக்கே ஏறி, வட துருவத்தை ஒட்டி அந்தப் பக்கம் இறங்கும். ஆனால் இங்கிருந்து போகும்போது பெரும்பாலும் பசிபிக் கடல் மேல்தான் போகிறார்கள். கிலோமீட்டர் கூடும். ஆனால் அந்த உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் காற்று பின்னாலிருந்து தள்ளுவதால் நேரம் குறைகிறது. இவ்வளவு தூரம் பறக்கவென்றே கூடுதல் எரிபொருள் பிடிக்கும்படி செய்த ஏர்பஸ் விமானம் அது. எடை ஏறக்கூடாது என்று மொத்தமே 161 இருக்கைகள், சாதாரண எகானமி வகுப்பே கிடையாது. ராத்திரியெல்லாம் இதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அத்தனை ஆசையாக இருக்கிறது.

கமலாவுக்குக் காலில் நரம்புச் சுருட்டல், அதுதான் யோசனை. பிராங்க்ஃபர்ட்டில் இறங்கிப் போகும் விமானமும் உண்டு. முதலில் பதின்மூன்று மணி நேரம், அப்புறம் எட்டரை. கால் நீட்டி நடக்கலாம், ஆனால் மொத்தம் ஒரு நாள் ஆகிவிடும். இறுக்கமான காலுறை போட்டுக்கொள்ளுங்கள், அடிக்கடி எழுந்து நடங்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள் என்றார் டாக்டர். நேர் விமானத்துக்கே டிக்கெட் போட்டுவிட்டோம். சீக்கிரம் குழந்தையைப் பார்க்க வேண்டும் என்கிறாள்.

முத்து, ஒன்று சொல்ல வேண்டும். அம்மா போன அன்று காலையில் நீதான் போன் செய்தாய். கிடைத்த விமானத்தில் ஏறி, நாலு மணி நேரத்தில் திருச்சியில் இறங்கி, இருட்டுவதற்குள் வந்து முகம் பார்த்துவிட்டேன். வெளிநாட்டில் இருக்கிறேன் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை, காரணம் அந்த நாலு மணி நேரம்தான். நாளைக்கு எங்களில் ஒருவருக்கு ஏதாவது என்றால், மகள் கைக்குழந்தையோடு கிளம்பி வந்து சேர முழுதாக ஒரு நாளுக்கு மேல் ஆகும். எந்தக் காற்று தள்ளினாலும் அது குறையாது. அவள் படிக்கப் போனபோது பெட்டி கட்டிக் கொடுத்தவன் நான், வருத்தமில்லை. பயம் இருக்கிறது. கமலாவிடம் சொல்லவில்லை, உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

சரி, ஒரு வேலை. பெரிய கடைவீதி நாட்டு மருந்துக் கடையில் பிரசவ லேகியம் வாங்கி, இங்கே வரும் உன் மருமகனிடம் கொடுத்தனுப்பு. ஒரு கிலோ போதும். பணம் கொடுத்தால் வாங்கமாட்டாய் என்று தெரியும், அவன் கையிலேயே கொடுத்துவிடுகிறேன்.

உன்,
ராஜு