லோகோமோரை விட்டுவிட்டீர்களே

ஆசிரியருக்கு,

ஜெர்மனியின் தனியார் ரயில்கள் பற்றிய கட்டுரையில் ஃபிளிக்ஸ்டிரெய்ன் என்ற தனியார் ரயில் சேவை ஏதோ திடீரென முளைத்தது போல எழுதியிருந்தீர்கள். அதற்கு முன்னோடி லோகோமோர். இணையம் வழியே பொதுமக்களிடம் பணம் திரட்டி, 2016 டிசம்பரில் ஸ்டுட்கார்ட் - பெர்லின் தடத்தில் ஒரே ஒரு ரயிலோடு இறங்கிய நிறுவனம். 2017 மே மாதமே திவால்! அப்புறம் செக் நாட்டின் லியோ எக்ஸ்பிரஸ் நிறுவனம் ரயிலை ஓட்ட, பேருந்து நிறுவனமான ஃபிளிக்ஸ்பஸ் டிக்கெட் விற்க, ஆகஸ்டில் அதே தடம் மீண்டும் உயிர்பெற்றது. ஃபிளிக்ஸ்டிரெய்ன் என்ற பெயர் 2018-ல்தான் வந்தது.

ஜெர்மனியின் நெடுந்தூரத் தடங்கள் 1994 ரயில்வே சீர்திருத்தத்திலேயே தனியாருக்குத் திறக்கப்பட்டுவிட்டன. ஆனால் தண்டவாளக் கட்டணத்தைப் போட்டியாளரான அரசு ரயில் நிறுவனம் டாய்ச்ச பானின் குழுமத்துக்கே கட்ட வேண்டும். சின்ன நிறுவனம் எப்படித் தாங்கும்? கட்டுரை இதைத் தொடவே இல்லை.

- ஒரு வாசகர்