பிள்ளைகளைத் தங்கும் கோடை முகாமுக்கு அனுப்பும் முன்: பெற்றோருக்குத் தலைமையாசிரியரின் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம்.

ஆண்டுத் தேர்வுக்கு இன்னும் சில வாரங்கள் இருக்கும்போதே கோடை விடுமுறை முகாம்களின் விளம்பரங்கள் வரத் தொடங்கிவிட்டன. கடந்த சில நாள்களில் உங்களில் பலர் அந்த வண்ணத் தாள்களைக் கையில் வைத்துக்கொண்டு என் அறைக்கு வந்து, பிள்ளைகள் வீட்டைவிட்டு ஒரு வாரமோ இரண்டு வாரமோ தங்கும் முகாம்களில் எது நல்லது என்று கேட்டீர்கள். பள்ளி எந்த முகாமையும் பெயர் சொல்லிப் பரிந்துரைப்பதில்லை. நான் தங்கிப் பார்த்திராத ஓரிடத்துக்குச் சான்று வழங்க எனக்கு மனமும் இல்லை. ஆனாலும், "நீங்களே பார்த்து முடிவு செய்துகொள்ளுங்கள்" என்று சொல்லி அனுப்பிவிடுவது பொறுப்பான பதிலாகாது என்பதால், எதைப் பார்ப்பது, யாரிடம் எதைக் கேட்பது என்பதை இக்கடிதத்தில் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நீங்கள் விட்டுச்சென்ற விளம்பரத் தாள்களை ஒரு மாலை மேசையில் பரப்பி வைத்துப் பார்த்தேன். கயிற்றுப் பாலத்தில் நடக்கும் சிறுவன், படகில் சிரிக்கும் சிறுமிகள், வில்லை வளைத்துக் குறிபார்க்கும் பிள்ளை, தீ மூட்டி அதைச் சுற்றி அமர்ந்திருக்கும் கூட்டம் என எல்லாவற்றிலும் ஏறக்குறைய அதே படங்கள்தாம்; பெயரை மறைத்துவிட்டால் எது எந்த முகாம் என்று நடத்துபவர்களாலேயே சொல்ல முடியுமா என்பது ஐயம். இவையெல்லாம் பகலில் நடப்பவை. பிள்ளை அங்கே கழிக்கப்போகும் நேரத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவான பகுதி இருட்டிய பிறகு வருகிறது. அந்தப் பகுதியைப் பற்றி ஒரு தாளிலும் ஒரு வரிகூட இல்லை. மாலையில் வீடு திரும்பும் முகாமுக்கும் தங்கும் முகாமுக்கும் உள்ள வேறுபாடே அந்த இரவுதான். ஆகவே உங்கள் விசாரணையை இரவிலிருந்து தொடங்குங்கள் என்பதே நான் முதன்மையாகச் சொல்ல விரும்புவது.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். என் மகளுக்குப் பத்து வயதாக இருந்தபோது, குதிரையேற்றம் கற்றுத்தருகிறார்கள் என்ற ஒரே காரணத்துக்காக ஒரு முகாமைத் தேர்ந்தெடுத்து அனுப்பினேன். நாள்தோறும் நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குப் பொறுப்பாக இருக்கும் நான், கேட்டிருக்க வேண்டிய கேள்விகளில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. மூன்றாம் நாள் நள்ளிரவில் காய்ச்சலோடு விழித்துக்கொண்ட அவளுக்கு எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியவில்லை. பொறுப்பாளர்கள் உறங்கிய கட்டடம் விளையாட்டுத் திடலுக்கு அப்பால் இருந்தது. விடியும்வரை போர்வைக்குள் சுருண்டு கிடந்திருக்கிறாள். பக்கத்துக் கட்டில் சிறுமிதான் காலை மணி அடித்த பிறகு போய்ச் சொல்லியிருக்கிறாள். காய்ச்சல் இரண்டு நாளில் இறங்கிவிட்டது. குதிரையில் அவள் ஏறியதே ஒரே ஒரு முறைதான் என்பதும் பின்னர் தெரியவந்தது.

எனவே முகாம் நடத்துபவரைத் தொலைபேசியில் அழைக்கும்போது இவற்றைக் கேளுங்கள்: ஓர் அறையில் எத்தனை பிள்ளைகள் உறங்குவார்கள்? அவர்களோடு, அல்லது கூப்பிட்டால் கேட்கும் தொலைவில், எந்தப் பெரியவர் இருப்பார்? அவருக்கு வயது என்ன? என் பிள்ளை நள்ளிரவில் எழுந்தால் யாரை எழுப்ப வேண்டும், அதை முதல் நாளே பிள்ளைக்குக் காட்டிக்கொடுப்பீர்களா? எண்ணிக்கையை ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவுகோல் வேண்டுமென்றால், 1910ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அமெரிக்க முகாம் சங்கம் தங்கும் முகாம்களுக்கு வகுத்துள்ள கணக்கை வைத்துக்கொள்ளலாம்: 6 முதல் 8 வயதுவரையுள்ள பிள்ளைகள் 6 பேருக்கு ஒரு பொறுப்பாளர், 9 முதல் 14 வயதுவரை 8 பேருக்கு ஒருவர், 15 முதல் 18 வயதுவரை 10 பேருக்கு ஒருவர். ஆனால் அவர்கள் சொல்லும் எண்ணை அப்படியே ஏற்றுக்கொள்ளாமல், சமையலறையிலும் அலுவலகத்திலும் வேலை செய்பவர்கள் அந்தக் கணக்கில் சேர்க்கப்பட்டிருக்கிறார்களா என்பதையும், பகலில் சொல்லும் அந்த எண்ணிக்கை இரவிலும் பொருந்துமா என்பதையும் தனித்தனியே கேட்டறியுங்கள். பொறுப்பாளர்களில் எத்தனை பேர் சென்ற ஆண்டும் அங்கே பணியாற்றியவர்கள் என்பது நான் மிகவும் மதிக்கும் ஒரு கேள்வி. ஆண்டுதோறும் ஆள்கள் அடியோடு மாறும் இடத்தில் ஏதோ சரியில்லை என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

சொல்லத் தயங்கும் ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். எந்தப் பெரியவரும் எந்தப் பிள்ளையோடும் பிறர் கண்ணுக்கு எட்டாத இடத்தில் தனியாக இருக்கக் கூடாது என்பது நல்ல முகாம்கள் எழுத்தில் வைத்திருக்கும் விதி. அது படுக்கையறைக்கும், குளியலறைக்கும், உடைமாற்றும் இடத்துக்கும், மருத்துவ அறைக்கும், திடீரென்று எங்கேனும் அழைத்துச்செல்ல நேரும் வாகனத்துக்கும் ஒன்றுபோலப் பொருந்த வேண்டும். அந்த விதி உங்களிடம் இருக்கிறதா, பணியில் சேர்ப்பவர்களின் பின்னணியை எவ்வாறு சரிபார்க்கிறீர்கள் என்று நேராகவே கேளுங்கள். இக்கேள்வியால் எரிச்சலடையும் நிர்வாகம், நீங்கள் கேட்க வந்த பதிலை அந்த எரிச்சலிலேயே சொல்லிவிட்டது. பிள்ளையிடமும் புறப்படும் முன் பேசுங்கள்: பெரியவரோ மூத்த மாணவரோ "வீட்டில் சொல்லாதே" என்று எதைச் சொன்னாலும் அதை வீட்டில் சொல்லலாம், சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டோம் என்பது அவர்கள் மனத்தில் ஆழப் பதிய வேண்டும். மூத்த பிள்ளைகள் இளையவர்களைச் சீண்டுவதும் துன்புறுத்துவதும் விளக்கணைந்த பிறகே மிகுதி என்பதை விடுதி நடத்திய எவரும் அறிவர்.

உடல்நலம் பற்றி ஒரு சொல். ஆஸ்துமா, ஒவ்வாமை, வலிப்பு முதலியவற்றை மறைத்துவிட்டு அனுப்புவது பிள்ளைக்குச் செய்யும் தீங்கு. மருந்துகளை அவற்றின் மூல உறையிலேயே, மருத்துவர் எழுதித்தந்த அளவுக் குறிப்போடு கொடுத்தனுப்புங்கள். இன்ஹேலர், ஒவ்வாமை ஊசி போன்றவை நொடியில் கைக்கு எட்டும்படி இருக்குமா அல்லது பூட்டிய அலமாரிக்குள் போய்விடுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். படுக்கையில் சிறுநீர் கழிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் இதைப் பற்றிப் பேசவே கூசுகிறார்கள். ஏழு வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்கு இது இருக்கிறது. வழக்கமாக முகாம் நடத்துபவர்களுக்கு இது புதிதும் அன்று. பொறுப்பாளரிடம் முன்கூட்டியே தனியாகச் சொல்லிவிட்டால், மற்றப் பிள்ளைகள் அறியாமல் விரிப்பை மாற்றிவிட அவரால் முடியும். சொல்லாமல் விட்டால், காலையில் எல்லோர் முன்னிலையிலும் கூனிக்குறுகி நிற்பது உங்கள் பிள்ளைதான்.

இனி, பெற்றோர் அனைவரும் கேட்கும் கேள்வி: அங்கே போய் அழுவானா? பெரும்பாலும் ஒரு நாளேனும் அழுவான், அல்லது அழாமல் ஏங்குவான். வீட்டு நினைவால் வரும் ஏக்கத்தை ஒரு நோயாகவே கருதி, 1688இல் சுவிட்சர்லாந்து நாட்டு மருத்துவ மாணவர் யோகான்னஸ் ஹோஃபர் தம் ஆய்வேட்டில் 'நாஸ்டால்ஜியா' என்று பெயரிட்டார். திரும்பி வருதல், வலி என்னும் இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து அவர் ஆக்கிய சொல் அது. இன்று யாரும் அதை நோய் என்று சொல்வதில்லை. வீட்டை நேசிக்கும் பிள்ளைக்கு அது இயல்பாக வருவது. பகலில் விளையாட்டில் மறந்திருந்து, ஓய்ந்து படுக்கும் நேரத்தில் தலைதூக்குவது. அந்த வேளையில் பக்கத்தில் அமர்ந்து பேசும் ஒருவர் இருக்கிறாரா என்பதையே நான் மேலே இரவைப் பற்றிச் சொன்னபோது எண்ணிக்கொண்டிருந்தேன்.

இந்த ஏக்கத்தைத் தடுப்பது பற்றி உளவியலாளர் கிறிஸ்டோபர் தர்பரும் குழந்தை மருத்துவர் எட்வர்ட் வால்டனும் 2007இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகத்துக்காக எழுதிய அறிக்கையின் அறிவுரைகள், என் ஆசிரியர் வாழ்வில் கண்டவற்றோடு முழுவதும் ஒத்துப்போகின்றன. முகாமுக்குப் போவதா வேண்டாமா என்று முடிவெடுப்பதில் பிள்ளைக்கும் பங்கு இருக்க வேண்டும். புறப்படுவதற்கு முன்பே உறவினர் வீட்டிலோ நண்பர் வீட்டிலோ இரண்டு மூன்று நாள் பெற்றோர் இல்லாமல் தங்கிப் பழக வேண்டும். எத்தனை நாள் என்பதை நாள்காட்டியில் குறித்துக் காட்ட வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமாக, "பிடிக்காவிட்டால் ஒரு வார்த்தை சொல், உடனே வந்து கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன்" என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். அன்பினால் சொல்லும் அந்த வாக்கு, "நீ அங்கே தாக்குப்பிடிக்க மாட்டாய் என்று அம்மாவே நினைக்கிறாள்" என்றுதான் பிள்ளையின் காதில் விழும். ஏக்கம் வந்த முதல் நொடியே அவன் அந்தக் கதவைப் பார்க்கத் தொடங்கிவிடுவான். வேறு எதிலும் மனம் போகாது. உங்கள் கவலையையும் அவன் முன்னால் கொட்டாதீர்கள். "நீ இல்லாமல் வீடே வெறிச்சோடிப் போகும்" என்பதும் அன்பான பேச்சுத்தான். ஆனால் அதையும் சுமந்துகொண்டு அவன் அங்கே போக வேண்டியிருக்கும்.

கைபேசி குறித்து முகாம்களின் விதிகள் வேறுபடும். கைபேசியை வாங்கி வைத்துக்கொள்ளும் முகாம்களைக் கண்டு உங்களில் சிலர் அஞ்சுகிறீர்கள். நாள்தோறும் இரவில் உங்கள் குரலைக் கேட்டால் ஆறிவரும் ஏக்கம் மீண்டும் கிளறப்படும் என்பதால், அவ்விதி எனக்குச் சரியாகவே படுகிறது. அதற்கு ஈடாக, அவசரத்தில் நீங்கள் எந்நேரமும் அழைக்கக்கூடிய ஓர் எண்ணும், பிள்ளைக்கு உடல்நலம் குன்றினால் எத்தனை மணி நேரத்துக்குள் உங்களுக்குச் சொல்வார்கள் என்ற உறுதியும் எழுத்தில் இருக்க வேண்டும். கடிதம் எழுதும் பழக்கத்தை இந்தச் சாக்கில் பிள்ளைக்கு ஊட்டலாம் என்பது ஆசிரியனாகிய என் சொந்த ஆசை.

பகலைப் பற்றி நான் அதிகம் சொல்லவில்லை. அங்கே ஒன்றில் மட்டும் சமரசம் வேண்டாம். அது நீர். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பது பிள்ளைக்கு மட்டுமன்றி, அனுப்பும் நமக்கும் பொருந்தும். நீரில் மூழ்கும் பிள்ளை திரைப்படங்களில் வருவதுபோலக் கூச்சலிட்டுக் கையசைப்பதில்லை. மூச்சுக்கே போராடும்போது கூப்பிடக் குரல் எழாது, பெரும்பாலும் ஓசையின்றியே முடிந்துவிடும். ஆகவே நீச்சல் குளமோ ஏரியோ ஆறோ எதுவானாலும், முதல் நாளே ஒவ்வொரு பிள்ளையின் நீந்தும் திறனையும் சோதித்துப் பிரிக்கிறார்களா, பிள்ளைகளை இருவர் இருவராகச் சேர்த்துவிட்டு அவ்வப்போது எண்ணிப் பார்க்கிறார்களா, பயிற்சி பெற்ற உயிர்காப்பாளர் வேறு எந்த வேலையும் இல்லாமல் நீரையே பார்த்துக்கொண்டிருப்பாரா, படகில் ஏறும் ஒவ்வொருவரும் மிதவை உடை அணிவார்களா என்று கேளுங்கள். "எங்கள் பிள்ளைகள் எல்லோருக்கும் நீச்சல் தெரியும்" என்பது பதிலாகாது. இடி கேட்டால் என்ன செய்வார்கள் என்றும் கேட்டுப் பாருங்கள். உடனே நீரைவிட்டு வெளியேறிக் கட்டடத்துக்குள் சென்று, கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழிந்த பிறகே வெளியே வர வேண்டும் என்று தயங்காமல் சொல்பவர், மற்றவற்றிலும் பயிற்சி பெற்றவராக இருப்பார்.

கோடை முகாம் என்னும் வழக்கத்தைத் தொடங்கியவர்களில் முன்னோடியாகச் சொல்லப்படுபவர் ஒரு தலைமையாசிரியர் என்பது எனக்குப் பெருமை. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் பள்ளி நடத்திவந்த ஃபிரெடெரிக் வில்லியம் கன், 1861இல் தம் மாணவர்களை ஏறக்குறைய இரண்டு வாரம் கடற்கரையில் கூடாரமடித்துத் தங்க அழைத்துச்சென்றார். அவர் பிள்ளைகளை வேறொருவர் பொறுப்பில் விட்டுவிடவில்லை. தாமும் அவர்களோடு இருந்தார், ஒவ்வொரு பிள்ளையையும் அறிந்திருந்தார். இன்று நாம் அறிமுகமற்றவர்களிடம் விடுகிறோம் என்பதனால்தான் இத்தனை கேள்விகள்.

கடைசியாக, எந்த வயதில் அனுப்பலாம் என்று கேட்டவர்களுக்கு: ஓர் எண்ணைச் சொல்ல நான் தயாராக இல்லை. தன் உடைமைகளைத் தானே பார்த்துக்கொள்ளும், தேவையை ஒரு புதிய பெரியவரிடம் வாய்விட்டுக் கேட்கும், வேறு வீட்டில் ஓர் இரவேனும் உறங்கியிருக்கும் எட்டு வயதுப் பிள்ளை போகலாம். இவை இல்லாத பன்னிரண்டு வயதுப் பிள்ளை இன்னும் ஓராண்டு பொறுக்கலாம். முதல்முறை என்றால் ஒரு வாரத்துக்கு மேல் வேண்டாம். வகுப்புத் தோழர்கள் எல்லோரும் போகிறார்கள் என்பதற்காகவோ, விடுமுறையில் வீட்டில் வைத்துச் சமாளிக்க முடியவில்லை என்பதற்காகவோ மட்டும் அனுப்பாதீர்கள். இரண்டாவது காரணத்தின் நெருக்கடி எனக்குப் புரிகிறது, ஆனால் அதற்குப் பகல்நேர முகாமே போதும்.

இம்மாத இறுதிவரை ஒவ்வொரு புதன்கிழமையும் மாலை 4 மணி முதல் 5 மணிவரை என் அறையில் இருப்பேன். நீங்கள் தேர்ந்தெடுத்த முகாமின் விண்ணப்பத்தையும் அவர்களின் விதிமுறைத் தாளையும் கொண்டுவந்தால் சேர்ந்து படித்துப் பார்க்கலாம். முகாமுக்குத் தரவேண்டிய மருத்துவக் குறிப்பில் பள்ளிப் பதிவேட்டின் விவரம் தேவைப்படுவோர் வகுப்பாசிரியரிடம் மூன்று நாள் முன்னதாகச் சொல்லுங்கள். வரும்போது பிள்ளையையும் உடன் அழைத்து வாருங்கள். அவனிடமும் அவளிடமும் எனக்குக் கேட்க ஒன்றிரண்டு கேள்விகள் இருக்கின்றன.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
தலைமையாசிரியர்