எக்ஸ்எம்எல் பாடம் 1998-லேயே நிற்கலாமா?

ஆசிரியருக்கு,

சேலத்தில் நான் பார்த்த கணினி வகுப்புகள் சிலவற்றில் எக்ஸ்எம்எல் (தகவலைக் குறிகளுக்குள் அடுக்கி எழுதும் மொழி) ஆவண மரத்தை, அதாவது குறிக்குள் குறியாகக் கிளைக்கும் அமைப்பை, இன்னும் 1998-ல் வந்த டாம் (அந்த மரத்தை நிரலில் கையாளும் முறை) முதல் நிலையோடு முடித்துவிடுகிறார்கள். ஏற்காட்டுக் காபித் தோட்டப் பட்டியல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்: 'தோட்டம்' குறிக்குக் கீழே அடுத்த வரியில் 'மிளகு' இருந்தால், 'ஃபர்ஸ்ட்சைல்ட்' (உள்ளே முதலில் இருப்பது) என்று கேட்டதும் மிளகு வராது, நடுவில் தட்டிய எண்டரும் நாலு ஸ்பேஸும் சேர்ந்து ஓர் உரைக் கணுவாக (மரத்தில் வெறும் எழுத்தைத் தாங்கும் உறுப்பாக) வந்து நிற்கும், பிள்ளைகள் அதை வடிகட்ட லூப் மேல் லூப் எழுதுகிறார்கள். இந்தத் தலைவலிக்காகத்தான் வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2008-லேயே எலிமெண்ட்டுகளுக்கு (குறிகளால் ஆன கணுக்களுக்கு) ஐந்து பண்புகளைக் கூடுதலாகத் தந்தது. 'ஃபர்ஸ்ட்எலிமெண்ட்சைல்ட்' என்று கேட்டால் நேராக மிளகுதான். உள்ளே உள்ள எலிமெண்ட்டுகளின் எண்ணிக்கை வேண்டுமா, 'சைல்ட்எலிமெண்ட்கவுண்ட்' இருக்கிறது. (பழைய நோட்ஸை மாற்றச் சோம்பல், வேறென்ன!) அடுத்த பருவத்திலாவது இதைப் பாடத்தில் சேர்க்கட்டும்.

ஒரு புரோகிராமர்,
அஸ்தம்பட்டி, சேலம்.