ஃபேக்ஸில் கிழிந்த சீட்டு

20.5.2024

அன்புள்ள முரளி,

பிப்ரவரியில் நீ போட்ட கடிதத்துக்கு இப்போதுதான் பதில். திட்டு, வாங்கிக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று சம்பத் சொன்னான், நிம்மதி. இனி விஷயம்.

ஆல்மன் பிரதர்ஸ் என்ற நம் அமெரிக்க ராக் பேண்டின் கிட்டார்காரர் டிக்கி பெட்ஸ் போய்விட்டார். ஏப்ரல் 18, ஃப்ளோரிடாவில் தன் வீட்டிலேயே. எண்பது வயது. புற்றுநோய், கூடவே நுரையீரல் கோளாறு. சம்பத்துக்குத் தகவல் சொன்னால் "எந்தக் கார் டிக்கி?" என்கிறான். முப்பது வருஷமாக அதே ஜோக். இந்தத் தடவை அவனைத் திட்டிவிட்டேன், நீயே சமாதானம் பண்ணிக்கொள்.

1969 மார்ச்சில் ஜாக்சன்வில்லில் சேர்ந்த ஆறு பேரில் (கிட்டாருக்கு டுவேன் ஆல்மன், டிக்கி, பாட்டுக்கு டுவேனின் தம்பி கிரெக், பேஸ் கிட்டாருக்கு பெர்ரி ஓக்லி, ட்ரம்ஸுக்கு பட்ச் ட்ரக்ஸ், ஜெய்மோ) இனி ஜெய்மோ ஒருவர்தான் மிச்சம். அதனால்தான் உன் கடிதத்தை மறுபடி எடுத்தேன். "டுவேன் செத்த அன்னிக்கே ஆல்மன் பிரதர்ஸ் முடிஞ்சுது, அப்புறம் நடந்ததெல்லாம் திவசம்" என்று எழுதியிருக்கிறாய். வார்த்தை நன்றாக இருக்கிறது. அர்த்தம் தப்பு.

கணக்குப் பார். டுவேன் இருந்த அசல் ஆறு பேர் சேர்ந்து வாசித்தது இரண்டரை வருஷத்துக்குச் சற்று மேல். 1971 அக்டோபர் 29 அன்று மேக்கனில் மோட்டார் சைக்கிள் விபத்து, டுவேனுக்கு 24 வயது. மறு வருஷம் நவம்பரில் பெர்ரி ஓக்லி, அதே ஊர், அதே மாதிரி விபத்து. ஆனால் கடைசி அணி இருக்கிறதே, கிரெக், பட்ச் ட்ரக்ஸ், ஜெய்மோ, கிட்டாருக்கு வாரன் ஹேய்ன்ஸ், டெரெக் ட்ரக்ஸ், பேஸுக்கு ஓட்டீல் பர்பிரிட்ஜ், காங்காவுக்கு மார்க் கின்யோனெஸ், இந்த ஏழு பேரும் 2001 முதல் 2014 வரை ஆள் மாறாமல் வாசித்தார்கள். அந்த பேண்டின் சரித்திரத்தில் இவ்வளவு நாள் நின்ற அணி வேறு கிடையாது. பதிமூன்று வருஷமா திவசம் பண்ணுவார்கள்?

நடுவில் வந்துபோனவர்களை விடு. 1978இல் கூடி 82இல் கலைந்தார்களே, அதைப் பற்றி நாம் என்றுமே சண்டை போட்டதில்லை, இப்போதும் வேண்டாம்.

டெரெக் வெறும் டுவேன் நகல் என்கிறாய் பார், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. இரண்டு பேரும் ஓப்பன் ஈ, அதாவது எங்கேயும் அழுத்தாமல் மீட்டினாலே ஈ மேஜர் கார்டு கேட்கிற ட்யூனிங். இரண்டு பேரும் மோதிர விரலில் கண்ணாடி ஸ்லைடு, கம்பி மேல் வழுக்குகிற குழல். ஒற்றுமை அத்தோடு சரி. டுவேன் மாட்டியது கோரிசிடின் என்ற சளி மாத்திரை பாட்டில். 'ஸ்டேட்ஸ்பரோ ப்ளூஸ்' ஓப்பன் ஈயில்தான், ஆனால் 'ட்ரீம்ஸ்', 'மவுண்டன் ஜாம்' இரண்டிலும் சாதாரண ட்யூனிங்கிலேயே ஸ்லைடு வாசிப்பார். டெரெக் அப்படியில்லை. எல்லாப் பாட்டுக்கும் ஓப்பன் ஈ, ஸ்லைடு இல்லாமல் விரலால் வாசிக்கும் இடத்திலும் அதுவே. மீட்டுகிற சில்லு, அந்த பிக் கிடையாது, வெறும் விரல். சுருதிக்கும் சுருதிக்கும் நடுவில் அவர் போய் நிற்கும் இடங்கள் ப்ளூஸிலிருந்து மட்டும் வந்தவை அல்ல. அலி அக்பர் கானின் சரோதில் ஊறியவர். சான் ரஃபேலில் இருக்கும் கானின் கல்லூரியில் போய்ப் படித்தவர். 2002இல் வந்த 'ஜாய்ஃபுல் நாய்ஸ்' ஆல்பத்தில் கவ்வாலி பாடகர் ராஹத் ஃபதே அலி கான் பாடுவதற்கு டெரெக் பதில் சொல்கிற இடத்தைக் கேள். கோட்டுவாத்தியம் கேட்டு வளர்ந்த உன் காதுக்கு நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

அது சரி, கோட்டுவாத்தியக் காது இருந்தும் கம்பியை ஏன் அறுத்தாய்? நாலாவது கம்பி அறுந்தது, கம்பி கட்டிய பிரிட்ஜ் கட்டை லேசாகத் தூக்கிவிட்டது என்று எழுதியிருந்தாயே. உன்னுடையது அக்கூஸ்டிக்டா. ஓப்பன் ஈயில் ஐந்தாவது கம்பியை 'ஏ'யிலிருந்து 'பி'க்கும், நாலாவதை 'டி'யிலிருந்து 'ஈ'க்கும் முழுத்தொனி ஏற்ற வேண்டும். மூன்றாவதை ஜியிலிருந்து அரைத்தொனி. மற்ற மூன்றும் அப்படியே. மூன்று கம்பி ஏறுகிறது, ஒன்றுகூட இறங்கவில்லை. அவ்வளவு இழுப்பும் கழுத்துக்கும் பிரிட்ஜுக்கும் போகிறது. 12 கேஜ் பழைய கம்பி வேறு. அறாமல் என்ன செய்யும்?

வழி சுலபம். ஏற்றாதே, இறக்கு. ஆறாவது, இரண்டாவது, முதலாவது மூன்றையும் முழுத்தொனி இறக்கு, மூன்றாவதை மட்டும் அரைத்தொனி. டி, ஏ, டி, எஃப் ஷார்ப், ஏ, டி வரும். இரண்டாவது ஃப்ரெட்டில் கேப்போ, எல்லாக் கம்பியையும் சேர்த்து அழுத்துகிற கவ்வி, போட்டால் அதுவே ஓப்பன் ஈ. இரண்டுமே நம் கணக்கில் ச ப ச க ப ச, காந்தாரம் அந்தரம். ஆதார சுருதிதான் வேறு. பிரிட்ஜை முதலில் யாரிடமாவது கொடுத்து ஒட்டவை. தூக்கின பிரிட்ஜோடு எந்த ட்யூனிங்கும் நிற்காது.

ஸ்லைடை ஃப்ரெட்டுக்கு முன்னால் வைக்காதே. விரலால் அழுத்தும் பழக்கத்தில் எல்லோரும் அதைத்தான் செய்வார்கள், சுருதி இறங்கிக் கேட்கும். உலோகப் பட்டைக்கு நேர் மேலே நிற்க வேண்டும். அழுத்தவும் கூடாது. கோட்டுவாத்தியத்துக்கு ஃப்ரெட் கிடையாது, இடிக்க ஒன்றுமில்லை. இங்கே கொஞ்சம் அழுத்தினாலும் கண்ணாடி ஃப்ரெட்டில் இடித்து கடகடவென்று கேட்கும். லேசாக வைத்தும் இடித்தால் கம்பி உயரம் போதவில்லை, பிரிட்ஜில் கம்பி உட்காருகிற சேடிலைக் கொஞ்சம் தூக்கச் சொல். ஸ்லைடுக்குப் பின்னால் இருக்கும் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் கம்பியைத் தொட்டுக்கொண்டே வர வேண்டும், இல்லாவிட்டால் பின்பக்கத்து அதிர்வும் சேர்ந்து ஊளையிடும். வலது கையிலும் வாசிக்காத கம்பியையெல்லாம் விரலால் அமுக்கிவை. பாதி வித்தை அந்த அமுக்கலில்தான். டெரெக் பிக்கைத் தொடாததற்கு அதுவும் ஒரு காரணம்.

இன்னொன்று. 'ஸ்டேட்ஸ்பரோ ப்ளூஸ்' டியில் இருக்கிறதே என்று கேப்போவைக் கழற்றிவிட்டு வாசிக்கப் போகாதே. டுவேன் கிட்டார் ஓப்பன் ஈ, பாட்டு டி. அதனால் பாட்டின் ஆதார சுருதிக்கு வீடு பத்தாவது ஃப்ரெட், கேப்போவிலிருந்து எண்ணு.

'விப்பிங் போஸ்ட்' ஆரம்பத்தில் எண்ண முடியாமல் விழுகிறேன் என்று அழுதிருக்கிறாய். வெள்ளைக்காரன் மாதிரி ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினால் விழத்தான் செய்வாய். அது பதினொன்று. தகிட தகிட தகிட தக. மூன்று மூன்றாகப் போய்க் கடைசியில் ஒன்றைக் கடித்துக்கொண்டு திரும்பும், அந்தத் தடுக்கல்தான் அதன் அழகு. கிரெக் பாட ஆரம்பித்ததும் கடித்த ஒன்று திரும்பி வந்து பன்னிரண்டாகிவிடும். அங்கேயும் தக போட்டால் மறுபடி விழுவாய்.

தனி ஆவர்த்தனத்துக்குக் காபி சாப்பிட எழுந்து போகிற ஜாதி நீ, உன்னிடம் ட்ரம்ஸ் பற்றிச் சொல்லிப் பயனில்லை. இருந்தாலும் கேள். பட்ச் ட்ரக்ஸ் சரக்கு ரயில், நேராக இழுத்துக்கொண்டு போவார். ஜெய்மோ ஜாஸ் கை. ரயில் மேல் ஏறி நடப்பவர். இரண்டு பேரும் ஒரே அடியை அடித்தால் வெறும் சத்தம்தான். அடிக்க மாட்டார்கள். 1991இல் கின்யோனெஸ் கையால் தட்டுகிற காங்கா மேளத்தோடு வந்ததும் மூன்றாவது ஆள் எங்கே நுழைவது என்ற பிரச்சினை வந்திருக்க வேண்டும். அவர் இரண்டு பேரும் விட்ட இடத்தை மட்டும் எடுத்துக்கொண்டார். தவிலுக்குப் பக்கத்தில் கடம் வைத்தால் எப்படியோ அப்படி, ஆனால் கடம் கேட்கிறது.

இதுவரை உன்னோடு சண்டை. இனி நான் தோற்கிற இடம்.

2000 மே மாதம் கிரெக், பட்ச், ஜெய்மோ மூன்று பேரும் கையெழுத்துப் போட்டு டிக்கிக்கு ஃபேக்ஸ் அனுப்பினார்கள்: கோடைச் சுற்றுக்கு நீ வர வேண்டாம். முப்பது வருஷத்துக் கூட்டாளிக்கு ஃபேக்ஸில் சீட்டுக் கிழிந்தது. வாசிப்பு மோசமாகிவிட்டது, மேடையில் சத்தம் தாங்கவில்லை என்பது அவர்கள் கட்சி. டிக்கி ஒத்துக்கொள்ளவில்லை, சட்ட ரீதியாகப் போனார், சமரசமாக முடிந்தது. திரும்பி வரவேயில்லை. நான் இத்தனை வருஷம் ஃபேக்ஸ் கட்சி. அந்த ஃபேக்ஸ் இல்லாவிட்டால் ஹேய்ன்ஸ் 2001இல் திரும்பியிருக்க மாட்டார், 'ஹிட்டின் த நோட்' 2003இல் வந்திருக்காது, உனக்கு மேலே பாடிக்காட்டிய அணியே இல்லை. இதைத்தான் உன்னிடமும் சம்பத்திடமும் ஓதிக்கொண்டிருந்தேன்.

போன மாதம் செய்தி வந்ததும் கடைசி இரவின் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். 2014 அக்டோபர் 28, நியூயார்க் பீக்கன் தியேட்டர். 1989இலிருந்து அதே அரங்கில் 238ஆவது நிகழ்ச்சி. விருந்தாளி ஒருவரும் இல்லை, மூன்று செட். 'புளூ ஸ்கை', 'இன் மெமரி ஆஃப் எலிசபெத் ரீட்', 'ரிவைவல்', 'சவுத்பவுண்ட்'. நாலும் டிக்கி எழுதியவை. 'ஹிட்டின் த நோட்' ஆல்பத்திலிருந்து? ஒன்றே ஒன்று. நான் கொண்டாடிய அணி கடைசி நாளில் யார் சொத்தில் உட்கார்ந்து சாப்பிட்டது என்று பார்த்தாயா? ஹேய்ன்ஸையே முதலில் தன் சொந்த பேண்டில் வைத்து வளர்த்தது டிக்கிதானே.

அந்தச் சொத்து பாட்டு மட்டுமில்லை. ஆல்மன் பிரதர்ஸ் என்றதும் காதில் வருகிற அந்த இரட்டைக் கிட்டார், டுவேன் ஒரு பாதி என்றால் டிக்கி மறு பாதி. நகல் எடுக்கிறவர்கள் எல்லோரும் வழுக்குகிற இடமும் அதுதான். ஒருவன் மெட்டை வாசிக்க, மற்றவன் எப்போதும் நாலு அரைத்தொனி மேலே வைத்து வாசித்தால் தகரம் மாதிரி இருக்கும். ஸ்வரப்படி போக வேண்டும்: ச எடுத்தால் க, அது நாலு அரைத்தொனி, ரி எடுத்தால் ம, அது மூன்று, க எடுத்தால் ப, அதுவும் மூன்று, ம எடுத்தால் த, மறுபடி நாலு. இரண்டாவது ஸ்வரத்தைத் தானாகச் சேர்க்கிற ஹார்மனி பெடலில் எந்த ஸ்கேல் என்று சொல்லாமல் காலை வைக்கிறவனை அங்கேயே கண்டுபிடித்துவிடலாம். ஸ்வரம் சரியாக இருந்தாலும் போதாது, இருவர் கை நடுக்கமும் ஒரே வேகமாக இருக்க வேண்டும். டெரெக்கின் ஸ்லைடு தானாகவே வழியும், ஹேய்ன்ஸின் விரல் நடுக்கம் அகலம். 2003இல் பீக்கனில் பதிவான 'ஒன் வே அவுட்' இரட்டை சிடியைப் போட்டுப் பார், கூட்டாக வரும் இடங்களில் டெரெக் வழியாமல் அடக்கி வாசிப்பது தெரியும். மரியாதை யாருக்கு என்கிறாய்? அந்த வரிகளை வகுத்தவருக்குத்தான்.

'ஜெசிகா'வை எடுத்துக்கொள். ஜாஸ் கிட்டார்காரர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டுக்கு இடது கையில் இரண்டு விரல்தான் சரியாக வேலை செய்யும் என்று, தானும் இரண்டு விரலால் வாசிக்கிற மாதிரி ஒரு மெட்டுக் கட்ட உட்கார்ந்தார் டிக்கி. வந்தது அது. பக்கத்தில் தவழ்ந்துகொண்டிருந்த குழந்தையின் பெயரை வைத்தார். உன் அக்கூஸ்டிக்கில் முயன்று பார், இரண்டு விரல் போதும். ஆனால் அந்தத் துள்ளல் வராது, எனக்கும் வரவில்லை.

2017 ஜூனில் மேக்கனில் கிரெக்கை அடக்கம் செய்தபோது டிக்கி போயிருந்தார். டுவேன், ஓக்லி இருக்கும் அதே ரோஸ் ஹில் கல்லறை. எலிசபெத் ரீட் என்ற பெயரையும் அந்த இடத்துக் கல் ஒன்றிலிருந்துதான் அவர் எடுத்தார். ஃபேக்ஸ் அனுப்பிய மூவரில் பட்ச் அந்த வருஷம் ஜனவரியிலேயே போயாகிவிட்டது.

ஆக, அணி பெரிய அணி, அதில் நான் இறங்கி வர மாட்டேன். ஃபேக்ஸ் சரி என்று இனிமேல் சொல்ல மாட்டேன். ஒரு ஃபோன் போட்டிருக்கலாம், ஃப்ளோரிடாவுக்கு நேரில் போயிருக்கலாம். நீ இதைச் சம்பத்திடம் காட்டப்போகிறாய் என்று தெரியும், காட்டித்தொலை.

உன் திவசம் பேச்சுக்கு ஒரே ஒரு சலுகை. அந்தக் கடைசி நிகழ்ச்சி முடிவதற்குள் நள்ளிரவு தாண்டிவிட்டது. அக்டோபர் 29. டுவேன் திதி என்றே வைத்துக்கொள். கடைசியாக வாசித்தது 'ட்ரபிள் நோ மோர்', ஆறு பேரும் 1969இல் முதன்முதலாகச் சேர்ந்து ஒத்திகை பார்த்த பாட்டு.

பிரிட்ஜ் ஒட்டி வந்ததும் உடனே கம்பி மாட்டாதே, ஒரு நாளாவது காய விடு. கேப்போ ஸ்பிரிங் வைத்ததாக வேண்டாம், திருகு வைத்ததாக வாங்கு. ஸ்பிரிங் இறுக்கிப் பிடித்துச் சுருதியை ஏற்றிவிடும். ஓட்டீல் 'டெட் அண்ட் கம்பெனி' என்ற இன்னொரு பேண்டில் பேஸ் வாசித்ததைப் பற்றி நீ கேட்டதற்கு அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன், அது தனிச் சண்டை.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

உன்,
ரகு